சொட்டுநீர் முதல் பிளாக்செயின் வரை: உணவு உற்பத்தி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனத்தில் தண்ணீர் மிச்சம் என்கிறார்கள். போட்ட இடங்களிலும் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறதே, ஏன் சார்?

பதில்: மிச்சமான தண்ணீரை யாரும் கிணற்றில் விட்டுவைப்பதில்லை. அதே மோட்டாரில் இன்னும் அரை ஏக்கர் நனையும் என்றால் எந்த விவசாயி சும்மா இருப்பார்? பரப்பைக் கூட்டுவார், அல்லது அதிகத் தண்ணீர் கேட்கும் பணப்பயிருக்கு மாறுவார். இன்னொன்றும் உண்டு. வாய்க்கால் பாசனத்தில் வீணானதாக நாம் நினைத்த நீரில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி நிலத்தடிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சொட்டுநீரில் அதுவும் குறைந்துவிடுகிறது. இதில் விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். குழாய்க்கு மானியம் கொடுத்தவர்கள், எடுக்கும் நீருக்கு வரம்பு வைக்கவில்லை. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகிறது. முதலில் வரம்பும் மீட்டரும் வரட்டும், குழாய் அப்புறம்.

கேள்வி: அப்போ சட்டம் போட்டாலே போதுமா?

பதில்: இலங்கையைப் பாருங்கள். 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். போதுமான மாற்று உரமும் இல்லை, பழக அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடி வாங்கியது. நவம்பரிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று.

கேள்வி: காடழித்து விளைந்த காப்பி, கோகோ வேண்டாம் என்கிறதே ஐரோப்பிய ஒன்றியம். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: 2023-இல் கொண்டுவந்த விதி அது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த சரக்கு உள்ளே வரக் கூடாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை தர வேண்டும், அதுவும் ஆறு தசம இடம் வரை. 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லையையே வரைந்து காட்ட வேண்டும். அதைப் பழைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் காடு இருந்ததா என்பது தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த அளவெடுப்புச் செலவு யார் தலையில்? சிறு விவசாயியின் தலையில் கட்டினால், வாங்குபவர் அவரை விட்டுவிட்டுப் பெரிய தோட்டத்துக்குப் போய்விடுவார். சரக்கை வாங்கும் நிறுவனமே கொடுக்கட்டும் என்பது என் கட்சி. இதற்கிடையில் அமலாகும் தேதியையும் தள்ளிப்போட்டார்கள்.

கேள்வி: சரக்கு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைப் பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் நகல் இருக்கும் மின்பதிவேட்டில், ஏற்றினால் ஏமாற்றவே முடியாதாமே?

பதில்: ஏற்றியதைத் திருத்துவது கஷ்டம், சரி. ஏற்றும்போதே பொய் சொன்னால்? இரண்டு தோட்டத்து மூட்டைகள் கிடங்கில் கலப்பதை எந்த மென்பொருளும் பார்ப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிடங்குக்குப் போய் எடை போட்டுப் பார்க்கும் ஆய்வாளருக்கு முதலில் சம்பளம் ஒதுக்குங்கள்.