அகாடியர் வெளியேற்றத்தில் நீதிபதி பெல்ச்சரின் பங்கு: கேள்வி பதில்

கேள்வி: அகாடியர் என்பவர்கள் யார்?

பதில்: இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்கள். 1713இல் அந்த மண் பிரிட்டன் கைக்குப் போனது. 1755இல் அவர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள்.

கேள்வி: தலைமை நீதிபதி பெல்ச்சர் என்னதான் செய்தார்?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். 1755 ஜூலை தொடக்கத்தில் அகாடியப் பிரதிநிதிகள் பிரிட்டிஷ் மன்னருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள். மறுநாளே சிலர் ‘சரி, எடுக்கிறோம்’ என்று இறங்கிவந்தபோது, ஒருமுறை மறுத்தவருக்கு இனி அனுமதியில்லை என்று ஆளுநரின் ஆலோசனைக் குழு கதவைச் சாத்திவிட்டது. ஜூலை 28 அன்று தலைநகர் ஹாலிஃபாக்ஸில் துணை ஆளுநர் லாரன்ஸ் தலைமையில் குழு கூடி வெளியேற்றத்தை முடிவு செய்தது. இவர்களைத் தங்கவிடுவது சட்டத்துக்கும் அரச ஆணைகளுக்கும் விரோதம் என்ற பெல்ச்சரின் எழுத்துக் கருத்துரையும் அதே தேதியிட்டதுதான். விசாரணை கிடையாது, தனித்தனிக் குற்றச்சாட்டும் கிடையாது. இதில் வேடிக்கை, மக்கள் சபை இல்லாமல் ஆளுநரும் குழுவும் சட்டம் இயற்ற முடியாது என்று வாதாடியவரும் இதே பெல்ச்சர்தான்!

கேள்வி: சர்வேயர் மோரிஸும் நீதிபதிதானே?

பதில்: இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மோரிஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது 1764இல். ஞாயிறு பூசைக்குக் கூடும்போது தேவாலயங்களை வளைக்கலாம், படகுகளைப் பிடுங்கலாம் என்றெல்லாம் யோசனை எழுதிக் கொடுத்தவர் அவர்.

கேள்வி: வெளியேற்றம் லண்டன் அரசின் உத்தரவுதானே?

பதில்: இல்லை. நிதானமாக இருங்கள் என்ற கடிதத்தை லண்டன் எழுதியதே ஆகஸ்ட் 13 அன்று. அதற்குள் ஹாலிஃபாக்ஸ் முடிவெடுத்துவிட்டது.

கேள்வி: பெல்ச்சர் சட்டக் கருத்து மட்டும்தானே சொன்னார்? வக்கீலைக் குற்றம் சொல்லலாமா?

பதில்: வக்கீலா? அந்தக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர் ஐயா.

கேள்வி: உறுப்பினர் என்பதாலேயே வெறுப்பு இருந்தது என்றாகுமா? போர்க்காலப் பயம் இருக்காதா?

பதில்: 1755க்குப் பயம் என்றே வைத்துக்கொள்வோம். 1762இல்? அப்போது அவரே துணை ஆளுநர். கனடாவில் பிரெஞ்சுப் படை சரணடைந்து இரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் பிடித்து வைத்திருந்த அகாடியர்களைப் பாஸ்டனுக்கு அனுப்பினார். மாசச்சூசெட்ஸ் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. மனதில் என்ன இருந்ததோ, செய்தது இதுதான்.

கேள்வி: எல்லோரையும் லூசியானாவுக்குத்தானே கொண்டுபோனார்கள்?

பதில்: இல்லை, இல்லை, இல்லை. 1755 கப்பல்கள் போனது மாசச்சூசெட்ஸ் முதல் ஜார்ஜியா வரையிலான பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்கு. லூசியானா பிந்தைய கதை.

கேள்வி: லண்டன் சொல்லாமல் லாரன்ஸ் துணிவாரா?

பதில்: லண்டன் உத்தரவு பற்றி ஏற்கெனவே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் தோழியின் அகாடிய மூதாதையரைத் தேட முடியுமா?

பதில்: வம்சாவளி என் துறையல்ல. மாங்க்டன் பல்கலைக்கழகத்தில் அகாடிய ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே கேட்கச் சொல்லுங்கள்.