அறுகோண ஷாஃப்டுக்கு வட்டத் துளை பேரிங் போடலாமா?

போட்டி ரோபோவின் அரை அங்குல அறுகோண ஷாஃப்டுக்கு, திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் விற்கும் சாதாரண பேரிங் சரிவருமா என்பது கேள்வி. சரிவரும். ஆனால் ஷாஃப்டின் முனையைக் கடையவேண்டும்.

இந்த ஷாஃப்ட் எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 12.7 மி.மீ., மூலைக்கு மூலை 14.66 மி.மீ. 15 மி.மீ. துளையுள்ள 6202 என்ற எண் கொண்ட பேரிங்குக்குள் நுழையும், ஆனால் 0.34 மி.மீ. ஆட்டம் இருக்கும். பற்சக்கரங்களின் மைய இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதால் பல் சீக்கிரம் தேயும். முப்பரிமாண அச்சில் புஷ் (இடைவெளியை நிரப்பும் உறை) செய்து இடையில் செருகுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: மூலைகளில் 0.17 மி.மீ. தடிப்புத்தான் மிஞ்சும், அங்கேதான் கிழியும்.

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) முனையை 12 மி.மீ. வட்டமாகக் கடைந்து 6201 (12×32×10) போடுங்கள். கடைந்த வட்டமும் அறுகோணமும் சந்திக்கும் படியின் உள்மூலை வளைவு 0.6 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும்; கூடினால் பேரிங் படியில் முட்டாமல் சாய்ந்து நிற்கும். ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பாதையில் குழி விழுத்தும். 6201-க்கு விளிம்பு இல்லை, ஆகவே அது நழுவாமலிருக்க வெளியே ஒரு மூடித் தகடு அவசியம்.

கடற்காற்று ஊர் என்பதால் இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையையே கேட்டு வாங்குங்கள்.

அறுகோணத் துளை பேரிங்கையே வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், வழக்கமான வெளிவிட்டம் 28.575 மி.மீ.; தகட்டில் 29 மி.மீ. துளையிட்டுவிடாதீர்கள்.