அரசியலமைப்பின் முகவுரை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முகவுரையை எழுதியது நேருவா, அம்பேத்கரா?

பதில்: இருவருக்கும் பங்கு உண்டு. 1946 டிசம்பர் 13 அன்று அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானம்தான் அடித்தளம். நீதி, சுதந்திரம், சமத்துவம் எல்லாம் அதிலேயே உண்டு. சகோதரத்துவம் மட்டும் இல்லை. அதைச் சேர்த்தது அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. 1948 பிப்ரவரி 21 அன்று வரைவை ஒப்படைத்தபோது, தீர்மானத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோம், அதன் தேவை இன்றுபோல் என்றும் இருந்ததில்லை என்று குழு வெளிப்படையாகவே சொன்னது. பிரிவினையின் ரத்தம் காயவில்லை. காந்தி கொல்லப்பட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

முகவுரையில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது. தீண்டாமையை 17வது பிரிவு ஒழிக்கிறது, மீறுபவரைத் தண்டிக்கலாம். ஆனால் ஒருவரை மனதார சமமாக நினைக்கவைக்கும் பிரிவு எதுவும் கிடையாது. சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் அமல்படுத்த ஒரு போலீஸ்காரர் தேவைப்படுவார் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசியது இதைத்தான்.

கேள்வி: அரசியலமைப்பு எல்லாமே வெளிநாட்டு காப்பிதானே?

பதில்: அரசு நெறிமுறைக் கோட்பாடுகளுக்கு, அதாவது ஆட்சிக்கு வழிகாட்டும் இலக்குகளுக்கு, அயர்லாந்து முன்மாதிரி, நிர்வாக அமைப்பில் பெரும்பகுதி பிரிட்டிஷாரின் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்தது. ஆனால் அந்த 1935 சட்டம் சொத்தும் படிப்பும் பார்த்து ஓட்டு கொடுத்தது. எழுத்தறிவில்லாதவர்களே பெரும்பான்மையாக இருந்த நாட்டில் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது நம்மவர்கள் துணிந்து எடுத்த முடிவு.

கேள்வி: கடவுள் பெயர் ஏன் இல்லை?

பதில்: சபை உறுப்பினர் எச்.வி. காமத் சேர்க்கக் கேட்டார். 1949 அக்டோபர் 17 அன்று வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68 என்று அவரது திருத்தம் தோற்றது.

கேள்வி: ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ இரண்டும் நெருக்கடி நிலையில் நுழைக்கப்பட்டவை. அம்பேத்கரே எதிர்த்தார். நீக்க வேண்டாமா?

பதில்: 1976இல் 42வது திருத்தம் சேர்த்தது, உண்மை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது நடந்தது, அதுவும் உண்மை. அந்த முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அம்பேத்கர் சொன்னதைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 1948 நவம்பர் 15 அன்று சபை உறுப்பினர் கே.டி. ஷா இந்தச் சொற்களைச் சேர்க்கக் கேட்டபோது, சமூகத்தை எப்படி அமைப்பது என்பதை அந்தந்தக் கால மக்களே தீர்மானிக்கட்டும் என்றார் அம்பேத்கர். கூடவே, சமதர்ம நோக்கம் நெறிமுறைக் கோட்பாடுகளில் ஏற்கெனவே இருப்பதால் திருத்தம் தேவையற்றது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது காரணத்தை யாரும் பகிர்வதில்லை.

கேள்வி: அப்படியானால் மதச்சார்பின்மை 1976க்கு முன் இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. மதச் சுதந்திரம் பற்றிய 25 முதல் 28 வரையுள்ள பிரிவுகள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. 1973இல், கேசவானந்த பாரதி வழக்கில், தலைமை நீதிபதி சிக்ரி, நாடாளுமன்றம் திருத்தியும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பைப் பட்டியலிட்டபோது மதச்சார்பற்ற தன்மையையும் சேர்த்தார். அப்போது அந்தச் சொல் முகவுரையில் கிடையாது.

கேள்வி: நெருக்கடி நிலைக்குப் பின் வந்த ஜனதா அரசு அந்தச் சொற்களை ஏன் நீக்கவில்லை?

பதில்: நல்ல கேள்வி. 42வது திருத்தத்தின் பல பகுதிகளை 1978இல் 44வது திருத்தம் மாற்றியது. நெருக்கடி நிலையில் சிறை சென்றவர்களின் அரசு அது. அவர்களே இந்தச் சொற்களை விட்டுவைத்தார்கள். நீக்க வேண்டாம் என்ற என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கேள்வி: அம்பேத்கர் எதிர்த்தாரே, அதற்கு என்ன பதில்?

பதில்: மேலே இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோளை நம்பாதீர்கள். சபை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: அந்த இரண்டு சொற்களை நீக்கக் கோரி வழக்குப் போடலாமா?

பதில்: போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

கேள்வி: எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், இழப்பீடு குறைவு. முகவுரையில் உள்ள நீதி உதவுமா சார்?

பதில்: முகவுரையை மட்டும் வைத்து இழப்பீடு பெற முடியாது. நிலம் கையகப்படுத்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை உடனே பாருங்கள், காலக்கெடு இருக்கும்.

கேள்வி: விவாதங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: 1946 டிசம்பர் 19, பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் உரை. பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்றுத்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்க வேண்டும் என்று சபையின் முகத்துக்கு நேரே சொன்னார். அப்புறம் அம்பேத்கரின் நவம்பர் 25 உரை, முழுவதும்.