கொசுக்குடல் பாக்டீரியா: கேள்வி-பதில்

கொசுவின் குடல் பாக்டீரியாவால் மலேரியாவைத் தடுக்க முடியுமா?

ஆய்வகத்தில் முடிந்திருக்கிறது. இரத்தத்தோடு போகும் மலேரியா ஒட்டுண்ணி முதலில் சிக்குவது கொசுவின் நடுக்குடலில். இரத்தம் குடித்த ஓரிரு நாளில் அங்குள்ள பாக்டீரியாக்களும் பல மடங்கு பெருகும். டெல்ஃப்டியா சுருஹாடென்சிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ஹார்மேன் என்ற வேதிப்பொருள், ஒட்டுண்ணியை அங்கேயே முடக்குகிறது என்று 2023-இல் ஆய்வு வெளியானது. ஒன்றை மறக்க வேண்டாம்: கொசு சாகாது, கடிக்கத்தான் செய்யும்.

வோல்பாக்கியாவும் இதுதானே?

இல்லை. அதுவும் பாக்டீரியாதான், ஆனால் கொசுவின் உயிரணுவுக்குள் வாழ்வது, தாய்க்கொசுவின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் டெங்குவை முக்கால் பங்கு குறைத்தது அதுதான்.

பி.டி.ஐ. (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) போட்டும் கொசு பறக்கிறது. மருந்து போலியா?

தொட்டியில் இருந்தது புழுவா, கூட்டுப்புழுவா என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! தலைகீழாகத் தொங்கி, வாயருகே உள்ள தூரிகையால் நீரை அலசித் தின்பது புழு. அதன் காரத்தன்மையுள்ள குடலில்தான் பி.டி.ஐ.யின் நச்சு கரைந்து குடல்சுவரைப் பிளக்கும். காற்புள்ளிபோல் சுருண்டிருப்பது கூட்டுப்புழு. அது தின்னாது, ஆகவே சாகாது. பறக்கும் கொசுவுக்கும் ஒன்றும் ஆகாது. வெயில் பட்டால் மருந்தின் வீரியமும் சீக்கிரம் போய்விடும்.

தோட்டத்துக்கு வாங்கிய 'நன்மை செய்யும் பாக்டீரியா' கரைசலைத் தேங்கிய நீரில் ஊற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன்! பாக்டீரியா என்றாலே கொசுவுக்கு எதிரி என்று யாரோ சொல்ல, ஊரெல்லாம் ஊற்றுகிறார்கள். கொசு முட்டைகளைக் கிருமிநீக்கி, கிருமியில்லாத நீரில், கிருமியில்லாத உணவோடு பொரிக்க விட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் அளவில், முதல் பருவத்திலேயே, புழு அப்படியே நின்றுவிடுகிறது. அதே கிண்ணத்தில் உயிருள்ள பாக்டீரியா ஒரு துளி விட்டால் போதும், தோலுரித்து வளரத் தொடங்கிவிடும். அதாவது நீங்கள் ஊற்றியது மருந்தல்ல, புழுவுக்கு ஊட்டம். பி.டி.ஐ. கொல்கிறது என்றால் அதன் நச்சுப் படிகத்தால். பாக்டீரியா என்பதால் அல்ல. எது எந்த இனம் என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். நீரைக் கொட்டுங்கள், முடியாவிட்டால் இறுக மூடுங்கள்.

புழுவுக்குக் கொடுக்கும் பாக்டீரியா, கொசுவான பிறகும் குடலில் தங்குமா?

பெரும்பாலும் தங்காது. உருமாறும்போது பழைய குடல் கழிந்துவிடும். அதனால்தான் வளர்ந்த கொசுவுக்கு, சர்க்கரைக் கரைசலில் நனைத்த பஞ்சு மூலம் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

குடலுக்கு நல்லது என்று விற்கும் பாக்டீரியா மாத்திரையை நான் விழுங்கினால் கொசு கடிக்காதா?

கடிக்கும். கொசு தேடி வருவது உங்கள் மூச்சின் கரியமில வாயுவையும் தோலின் வாசனையையும். வலைக்குள் தூங்குங்கள்.