சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி: 18 பேரோடு ஒரு கிராமத்து நடை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டிகள் என்று 18 பேர் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறமாக நடந்துவிட்டு, ஒரு பப்பில் மதியம் சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப்பேர் சைவம். யாரும் குடிப்பதில்லை. கார் வேண்டாம் என்று நினைக்கிறோம். எங்கே போவது, எவ்வளவு தூரம் வைப்பது? குடிக்காமல் பப்புக்குப் போனால் ஏதாவது நினைப்பார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கிராமத்துப் பப்புகளில் பல இன்று சாப்பாட்டை நம்பித்தான் ஓடுகின்றன. 18 பேர் உட்கார்ந்து சாப்பிட்டு, எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோ காபியோ வாங்கினால் அவர்களுக்கு அது நல்ல வியாபாரம். பிள்ளைகளும் பெரியவர்கள் கூட இருந்தால் வரலாம். சில இடங்களில் அவர்களைச் சாப்பாட்டுப் பகுதியில்தான் உட்கார வைப்பார்கள், அதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நடைக்கு வருவோம். வழியை முடிவு செய்துவிட்டு அப்புறம் பப் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் பப்பின் சமையலறை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேளுங்கள். பப் இரவு வரை திறந்திருக்கும், ஆனால் மதியச் சமையல் பல இடங்களில் இரண்டரை மணிக்கு நின்றுவிடும். சில வருடங்களுக்கு முன் கென்ட் பக்கம் 16 பேரைக் கூட்டிக்கொண்டு போய், 2:40க்குக் கதவைத் தள்ளினேன். பத்து நிமிடத் தாமதம், அவ்வளவுதான். பசியோடு வந்த பெரியவர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பகிர்ந்துகொண்டதைப் பார்த்த பிறகு, அந்த நேரக் கணக்கைப் போடாமல் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை.

கணக்கு இதுதான். 1892ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது தெம்பான ஆளுக்கு. உங்கள் குழுவுக்கு மணிக்கு 3 கி.மீ. என்று வையுங்கள். அதோடு வேலிகளைச் சேர்க்க வேண்டும். பாதை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும் இடத்தில் ஸ்டைல் என்கிற மரப்படி இருக்கும், அல்லது கிஸ்ஸிங் கேட் என்று ஒருவர் ஒருவராக நுழையும் கதவு இருக்கும். பாட்டி ஒரு கையால் கம்பத்தைப் பிடிப்பார், மகள் பின்னால் நின்று முதுகைத் தாங்குவார், பேரன் முதுகுப்பையோடு மாட்டிக்கொள்வான். ஆளுக்கு அரை நிமிடம் என்றால்கூட 18 பேருக்கு 9 நிமிடம். இப்படி நான்கு இடம் வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். தனியாகப் போகும்போது இது கண்ணிலேயே படாது.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஹாரோ ஆன் த ஹில்லில் மெட்ரோபாலிட்டன் லைனில் ஏறினால் மாறாமல் சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் போய் இறங்கலாம். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கும் நாட்கள் உண்டு, முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். அங்கிருந்து காட்டு வழியாக லாட்டிமர் கிராமம், பிறகு ஆற்றை ஒட்டியே நடந்து, கடைசியில் ஒரு சிறு ஏற்றம் ஏறினால் சாரட் ஊரின் சர்ச் எண்ட். 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கு எதிரே ஒரு பப். இதுவரை ஏறக்குறைய 6 கி.மீ. சாப்பிட்ட பிறகு சார்லிவுட் ஸ்டேஷனுக்கு 3, 3.5 கி.மீ. அங்கேயும் அதே லைன். பெரும்பகுதி நடை சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடுவதுதான் இந்த வழியின் நல்ல குணம். வயிறு நிறைந்த பிறகு 6 கி.மீ. நடக்கச் சொன்னால் யாருக்கும் கால் வராது.

செஸ் ஒரு சுண்ணாம்பு ஓடை. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் கூழாங்கல்லும் பச்சைப்பாசியும் அப்படியே தெரியும். லாட்டிமர் புல்வெளியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் ஒரு பிரெஞ்சுத் தளபதியோடு களத்தில் இருந்து, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டு 1911ல் இறந்த ஒரு குதிரையின் இதயம் அதில் புதைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், அங்கே எல்லோரும் வந்து சேரும் வரை அவர்கள் அலுக்காமல் இருப்பார்கள். மேலே பார்த்தால் வால் பிளந்த பெரிய பருந்து வட்டமிடும். ரெட் கைட் என்பார்கள். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்ததை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தச் சில்டெர்ன் குன்றுகளில் விட்டார்கள்.

6 கி.மீ.க்கு இரண்டு மணி, வேலிகளுக்கும் ஸ்டேஷன் கழிப்பறை வரிசைக்கும் போட்டோவுக்கும் ஒரு மணி. ஆக மூன்று மணி நேரம். ஒரு மணிக்கு மேஜை என்றால், கால் மணி கையிருப்போடு 9:45க்குச் சால்ஃபான்ட் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஆற்றோரம் நின்று, கொண்டுவந்த புளியோதரையையும் முறுக்கையும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பப்பின் தோட்டத்தில் நம் டப்பாவைத் திறப்பது சரியில்லை.

கிழமையை மட்டும் மாற்றச் சொல்வேன். ஞாயிறு வேண்டாம், சனி போங்கள். ஞாயிறு என்றால் ரோஸ்ட் நாள், அதாவது சுட்ட இறைச்சிச் சாப்பாடு. கூட்டம் அதிகம், மெனு சுருங்கிவிடும், சைவக்காரருக்குத்தான் முதலில் வழி அடைபடும்.

சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. இங்கே அந்தச் சொல்லில் முட்டை அடங்கும். ரோஸ்ட் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுப்பது வழக்கம். சைவத் தட்டுக்கும் இறைச்சிச் சாறில் செய்த கிரேவியையே ஊற்றும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். யார்க்‌ஷர் புட்டிங் என்கிற மாவுப் பண்டத்தில் முட்டை உண்டு, அதைச் சுடும் தட்டில் கொழுப்பும் இருக்கலாம். சிப்ஸ் என்று தட்டில் சூடாக வரும் உருளைக்கிழங்கு வறுவல் மீன் பொரித்த அதே எண்ணெயில் வரலாம். சூயட் என்கிற கொழுப்பு போட்டு அவிக்கும் இனிப்புகளில் அது மாட்டுக் கொழுப்பாக இருக்கக்கூடும். அதனால் போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: கிரேவி எதில் செய்தது, உருளைக்கிழங்கு எதில் வறுத்தது, சிப்ஸுக்குத் தனி எண்ணெயா? முட்டையும் வேண்டாதவர்களுக்கு வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று குறித்ததே சுலபம். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நிலக்கடலை, எள், பால் உட்பட 14 பொருட்களைப் பற்றிய விவரம் தர வேண்டியது இங்கே சட்டம்.

பல பப்புகளில் மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள், நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசும் அங்கேயே கொடுக்க வேண்டும். 18 பேர் தனித்தனியாகப் போனால் வேலிப்படி வரிசை மறுபடியும் வந்துவிடும். மெனுவை முன்கூட்டியே வாங்கி வாட்ஸாப்பில் போட்டு, புதன்கிழமைக்குள் பெயருக்கு நேரே சாப்பாட்டை எழுதி, காசையும் ஒருவரே வசூலித்துவிடுங்கள். முன்பணம் கேட்பார்கள், சேவைக் கட்டணம் சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ் சேறாக இருக்கும், அக்டோபரில் அது நிச்சயம். வாசலில் கழற்ற வேண்டுமா, மேலே பிளாஸ்டிக் பை மாட்டினால் போதுமா என்று கேட்டால் அவர்களுக்கும் சந்தோஷம்.

வழி தெரிய அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 172 வரைபடம் வாங்குங்கள். அதில் 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர், பொதுப் பாதைகள் பச்சைக் கோடாக இருக்கும். தரையில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை, நீலம் என்றால் குதிரைக்காரரும் சைக்கிள்காரரும் வருவார்கள். பாதை தனியார் வயலுக்குள் போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு, அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாதையை விட்டு விலகாமல் இருந்தால் போதும். ஒரு வாரம் முன்னால் நீங்களும் இன்னொருவரும் முழு வழியையும் நடந்து பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எந்த மரப்படி ஆடுகிறது, எங்கே சேறு கணுக்கால் வரை வருகிறது என்பது வரைபடத்தில் இருக்காது.

அன்றைக்கு நீங்கள் முன்னால் போங்கள், பொறுமையான ஒருவரைக் கடைசி ஆளாக வையுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, கதவைச் சாத்துவதும் அவர் பொறுப்பு. கன்றோடு பசுக்கள் நின்றால் நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள். நடைபாதை இல்லாத தெருவில் தனியாக நடப்பவர் வலப்பக்கம், எதிர்வரும் வண்டியைப் பார்த்து நடக்க வேண்டும். ஆனால் பெரிய குழு இடப்பக்கம் போக வேண்டும் என்கிறது நெடுஞ்சாலை விதிநூல், முன்னும் பின்னும் பளிச்சிடும் சட்டையோடு ஒரு ஆள் வைத்து.

தேதியை அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன் வையுங்கள். அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சார்லிவுட் போகும் வழி ஆற்றுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. எழுபது தாண்டியவர்களுக்குச் சாப்பாட்டோடு போதும் என்று தோன்றினால், பப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு டாக்சியை வெள்ளிக்கிழமையே 3:15க்குச் சொல்லி வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் நின்று போன் செய்தால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.