துருவும் இரண்டாவது கியரும்

அன்புள்ள ஐயா,

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் பற்றி யார் பேசினாலும் ஒரே பாட்டுதான். துருப்பிடிக்கும், வயரிங் மக்கர் செய்யும், பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஆனாலும் ‘அதற்கு ஓர் ஆன்மா இருக்கிறது’ என்பார்கள். அதே வயதுள்ள ஜப்பானியக் கார் சாவி போட்டதும் கிளம்புகிறது. வாங்கி ஏமாந்ததை மறைக்கத்தான் இந்த ஆன்மாப் பேச்சா?

கே., கோவை

அன்புள்ள கே.,

பாதி அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய தலைவலிக்கு ஆன்மா என்று பெயர் வைத்தால் மனம் கொஞ்சம் ஆறும். மறுபாதிக்கு, எனக்குப் பிடித்த காரையே எடுத்துக்கொள்கிறேன்: 1980களின் ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6.

வழக்கமாக எஞ்சினை ஒட்டி இருக்கும் கியர்பாக்ஸை இதில் பின்சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். கிளட்சும் அங்கேதான். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாகிவிடுவதால், மலைப்பாதை வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். ஆனால் கியர் லிவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவே நீளமான கம்பி. எந்தக் கியர் விழுந்தது என்று கை தடுமாறும். நடுவிலுள்ள தண்டு எஞ்சின் வேகத்திலேயே சுற்றுவதால், அதை இணைக்கும் மூன்று ரப்பர் வளையங்கள் நாளடைவில் வெடித்து, வண்டியே அதிரும். குளிர்காலக் காலையில் இதை ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கியர் ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் பக்கமே போகமாட்டார். ஒன்றிலிருந்து நேராக மூன்று. மீறிப் போட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கும்.

இந்தக் கோளாறுகளை நான் மன்னிப்பேன். வளைவில் கிடைக்கும் சுகத்தோடு கூடப் பிறந்தவை. துரு அப்படியில்லை. தகட்டுக்கு ஒழுங்கான பாதுகாப்புப் பூச்சு கொடுக்காத அலட்சியம் அது. அதில் ஆன்மாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டுப் புகழ்கிறவர்களோடு எனக்கும் சண்டைதான்.

அப்புறம் அந்த எஞ்சின். ஜுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த 2.5 லிட்டர் வி6; ஆறு சிலிண்டர்கள் ‘V’ வடிவில் நிற்கும். அடித்தொண்டையில் உறுமத் தொடங்கி, மிதிக்க மிதிக்கப் பிசிறில்லாமல் மேலே ஏறும் குரல். 1979இல் ஆல்ஃபா 6 என்ற பெரிய காரில் அறிமுகமான இந்த எஞ்சின் குடும்பம், 2005 கடைசிவரை மிலானுக்குப் பக்கத்தில் அரேசேயில் தயாரானது. உற்பத்தி நின்ற சில நாட்களில், 2006 ஜனவரியில், புஸ்ஸோவும் காலமானார்.

ஒரே ஒரு வண்டிதான், அதிலேயே தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால், சரி, நானும் ஜப்பானியக் காரைத்தான் வாங்குவேன். ஜிடிவி6 விலைக்கு வந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் குனிந்து, கதவுக்குக் கீழுள்ள தகட்டைத் தட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டால் அப்புறம் குனியத் தோன்றாது.