இடது காலை இன்றே காட்டுங்கள்

கேள்வி: களியக்காவிளை பக்கம் ஊர். வயது 49. மார்பகப் புற்றுநோய்க்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். 9 கிலோ ஏறிவிட்டேன். முடி அடர்த்தியாக வளரவில்லை, முட்டி வலி, ராத்திரியில் உடம்பு கொதிக்கிறது, ஒரு வாரமாக இடது காலில் மட்டும் வீக்கம். காலுக்கு நாட்டு வைத்திய ஆசானிடம் எண்ணெய் போட்டு உழிச்சல் (மசாஜ்) செய்கிறேன். யூடியூபில் பார்த்த எடை குறைக்கும் பவுடரும் குடிக்கிறேன். நோய் திரும்பி வருவதால்தான் எடை ஏறுகிறதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: உழிச்சலை உடனே நிறுத்துங்கள், அம்மா. ஒரு கால் மட்டும் வீங்கினால் அது எடையால் வந்த வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. தமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்குக் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். உடல் பருமன் அதை இன்னும் கூட்டும். உறைந்திருக்கும் காலை அமுக்கித் தேய்த்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியோ ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே இன்றைக்கே போங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு டாப்ளர் ஸ்கேனில் உறைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் நேராக காஷுவாலிட்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) போங்கள். உறைவு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. தமாக்ஸிஃபெனை மாற்றுவதா என்பதையும் அவர்கள் ஆர்.சி.சி. டாக்டரோடு பேசி முடிவு செய்வார்கள். நோய் திரும்பாமல் காக்கும் மாத்திரை அது. எடைக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். எடை ஏறுவது நோய் திரும்புவதற்கான அடையாளம் இல்லை. கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு பசியைக் கிளப்பியிருக்கும். உங்கள் வயதில் கீமோவால் மாதவிடாயும் சட்டென்று நின்றுபோகலாம்; அதுவும் எடையைக் கூட்டும். பல மாதம் படுத்தும் உட்கார்ந்தும் இருந்ததில் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும். ஆய்வுகளில் தமாக்ஸிஃபென் எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடை ஏறியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாவம், எல்லாப் பழியும் அந்த மாத்திரை மேல் விழுகிறது. முடி, முட்டி, ராத்திரிச் சூடு மூன்றுமே இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சகஜம். அவற்றுக்காகப் பயப்பட வேண்டாம்.

பட்டினி கிடந்து இறக்கினால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும். சாளை, நெத்திலியைப் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். புட்டைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடுகிற நாளில் சோறு வேண்டாம். சாயங்கால டீயோடு தட்டு நிறைய ஏத்தங்காய் உப்பேரியா (நேந்திரங்காய் சிப்ஸ்)? அதில்தான் பாதி எடை ஒளிந்திருக்கிறது. கால் விஷயம் தீர்ந்து டாக்டர் சரி என்ற பிறகு, தினம் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் வேகமாக நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுவதைப் பத்துப் பத்து முறையாகச் செய்யுங்கள்; தசைக்கு அது நல்லது. முதலில் ஐந்து கிலோ குறைந்தாலே போதும். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஒரு முறை செய்துவிடுங்கள்.

அந்தப் பவுடரை இனி தொடாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாத சரக்கு நிறைய ஓடுகிறது; சிலவற்றால் ஈரல் கெடும். இன்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.